பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே

நான் ஆராய்ச்சிக்கு வந்தது லோடு ஆட்டோவில்.

கும்பகோணத்துக் கடை ஒன்றிலிருந்து பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இறக்கிவைக்க ஆள் இல்லை. வைக்க வேண்டிய இடம் மூன்றாவது மாடி. லிஃப்ட் எங்கே என்று கேட்டேன். "ப்ரொபோசல் போயிருக்கு" என்றார் வாட்ச்மேன். பின்பக்கம் ஒரு அட்டெண்டர் தாங்கிக்கொள்ள, கயிறு போட்டு முதுகில் ஏற்றி மூன்று மாடியும் ஏறினேன்.

மேலே ஒரு புரொபசர் நின்றுகொண்டிருந்தார். மண் சாம்பிள் வைப்பதற்காக அவர் வாங்கிய ஃப்ரிட்ஜ் அது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓட்டுறீங்க, வெயிட் தூக்குறீங்க. விவசாயம் தெரியுமா?"

"வயல் வேலை தெரியுங்க. விவசாயம், நிலம் வச்சிருந்தவங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். தன் ப்ராஜெக்டில் ஃபீல்டு அசிஸ்டன்ட் இடம் ஒன்று காலியாக இருப்பதாகவும், கீழே ஆராய்ச்சிப் பிரிவு ஆபீசில் மல்லிகா மேடத்தைப் பார்க்கும்படியும் சொன்னார். ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவன் பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறேன்.

மார்ஜினில் என் படிப்பு

மல்லிகா மேடம் அந்தப் பிரிவின் சூப்பரிண்டெண்டெண்ட். பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். என் முன்னால் ஒரு ஃபார்மை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒன்பதாவதுங்க."

"பாஸா?"

"அரைப் பரீட்சை வரைக்கும் பாஸுங்க."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதுக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லாட்டி ஓரமா எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். இன்றைக்கும் என் ஃபைலில் என் படிப்பு மார்ஜினில்தான் இருக்கிறது.

அடுத்த கட்டம், முன் அனுபவம். வரிசையாகச் சொன்னேன். நெல் அறுப்பு மெஷினோடு ஆந்திரா, கர்நாடகா என்று நாலு சீசன். திருப்பூரில் சாயப்பட்டறை. மஸ்கட்டில் கட்டட வேலை. கடைசி ஏழு மாதச் சம்பளம் வராமல் திரும்பினேன். பிறகு லோடு ஆட்டோ. எந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. வேலையில் சிக்கல் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதை மட்டும் மேடத்திடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"இத்தனை ஊரா? இங்க எத்தனை நாள் இருப்பீங்க?"

"ப்ராஜெக்ட் எத்தனை நாளுங்க?"

"அதைக் கேட்டா நான் என்ன சொல்றது? ஃபண்டு வர்ற வரைக்கும்."

தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் 'பிரேக்' கொடுப்பார்கள். அந்த ஒரு நாள் நான் வேலையில் இல்லாதவன். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவன். தொழிலாளர் உரிமை பேசுகிறவர்கள் இதைத் தப்பு என்பார்கள். தப்புதான். ஆனால் ஊர் சுற்றிப் பழகிய என் கால்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டது மாதிரி ஒரு திருப்தி கிடைத்தது. நான் இத்தனை வருஷம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாணிக்குக் கொட்டேஷன்

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பல்கலைக்கழகத்தில் பணம் இல்லாமல் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் ஒரு சின்ன ஆராய்ச்சியைத் தொடங்க 'சீட் மணி' கொடுக்கிறார்கள். பிஎச்டி மாணவர்களுக்கு மாதாமாதம் ஃபெலோஷிப் உண்டு. கருத்தரங்குக்குப் போக டிராவல் கிராண்ட் உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஃபார்ம் இருக்கிறது.

ஒருமுறை வேறொரு புரொபசருக்கு இரண்டு வண்டி மக்கிய சாணி தேவைப்பட்டது.

"எதுவா இருந்தாலும் மூணு கொட்டேஷன் வேணும், பன்னீர்" என்றார் மேடம்.

"சாணிங்க மேடம்."

"சாணின்னா மூணு மாட்டுக்காரங்ககிட்ட வாங்கிட்டு வாங்க."

ஒரே தெருவில் மூன்று வீட்டுக்குப் போனேன். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாட்டுச் சாணிய வேணாம்னு தள்ளுறதுக்கா வெல கேக்குற? இதுல என்னய்யா கொறச்சலு? அள்ளிட்டுப் போ, காசே வேணாம்" என்றார். சந்தோஷமாக வந்து சொன்னேன். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இனாமாக வாங்குவதற்கு வேறு ஃபார்ம், அதற்கு டீன் கையெழுத்து. சாணி வந்து சேர்ந்தபோது நன்றாகவே மக்கியிருந்தது.

மேடத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஃபெலோஷிப் ஃபைல் நிதிப் பிரிவில் தூங்கினால், அவரே ஸ்கூட்டரில் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வருவார். "புள்ளைங்க ஹாஸ்டல்ல மெஸ் பில் கட்டணும்ல" என்பார். ஃபார்மையும் விடமாட்டார், பிள்ளைகளையும் விடமாட்டார்.

பயிருக்கு ஸ்கேன்

நான் சேர்ந்தபோது அந்த ப்ராஜெக்டில் பிஎச்டி செய்ய வந்திருந்தவர் ஷமீமா. பேராவூரணிப் பக்கம். அப்பா பாத்திரக் கடை, அண்ணன் ஷார்ஜாவில். ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு வருஷ ஃபெலோஷிப் கொடுத்திருந்தது. வருஷக் கடைசியில் ரிவ்யூ. அதில் தேறினால்தான் அடுத்த வருஷம்.

"ஸ்டைபண்டு வர்ற வரைக்கும் படின்னு அத்தா சொல்லியிருக்காங்க அண்ணே" என்று வண்டியில் போகும்போது ஒருநாள் சொன்னார். "அதுக்கு மேல அண்ணன்கிட்ட கேக்க அவங்களுக்கு வாய் வராது. எனக்கும் வராது."

அவருடைய ஆராய்ச்சி நெல் வயலில் தண்ணீர் பற்றியது. எப்போதும் தண்ணீர் நிற்கிற வயலிலிருந்து மீத்தேன் என்ற காற்று கிளம்புகிறது. அது பூமிக்குச் சூடு ஏற்றும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் அந்தக் காற்று குறையும், தண்ணீரும் மிச்சம். நம் ஊர் மண்ணில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

வயல் வலங்கைமான் பக்கத்தில். வயல்காரர் செல்வராசு. என்னைப் போலவே கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்த குடும்பம். அவர் அப்பா காலத்தில் இரண்டு ஏக்கர் சொந்தமாக்கினார்கள். அதில் ஆறு துண்டு ஷமீமாவுக்கு. மூன்றில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மற்ற மூன்றும் காய்ச்சல் துண்டுகள்; மூன்றுக்கும் ஒரே மடை. துளை போட்ட பிவிசி குழாய்களைச் சேற்றில் புதைத்திருந்தோம். மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குழாய்க்குள் ஸ்கேல் விட்டுப் பார்க்கலாம். பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மடை திறக்க வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்குக் குழாயைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. குறித்த நாட்களில் அக்ரிலிக் பெட்டியைப் பயிர் மேல் கவிழ்த்து, உள்ளே சேர்கிற காற்றைச் சிரிஞ்சில் உறிஞ்சி, சின்னக் குப்பியில் அடைக்கவும் ஷமீமா கற்றுக்கொடுத்தார்.

வரப்பில் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள்.

"என்ன செல்வராசு, கொழா நட்டிருக்க? எப்ப அறுப்பு?"

"பயிருக்கு ஊசி போடுறாங்கய்யா. டெங்குவா?"

"ஸ்கேன் எடுக்குறாங்க. ஆணா பொண்ணான்னு சொல்லமாட்டாங்க" என்பார் செல்வராசு.

ஆனால் நடவுக்கு முன்னால் ஷமீமாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். "பதினஞ்சு வர்ற வரைக்கும் மடையில கை வைக்கமாட்டேன், தங்கச்சி. வார்த்தைன்னா வார்த்தை."

பதினொன்று

குறுவை. பயிர் தூர் கட்டி முடிக்கிற சமயம். அந்த வருஷம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஐந்து நாள் ஓடும், ஐந்து நாள் அடைப்பு.

ஷமீமாவுக்கு டிராவல் கிராண்ட் கிடைத்து கோயம்புத்தூரில் ஒரு வாரக் கருத்தரங்குக்கும் பயிற்சிக்கும் போயிருந்தார். போகும்போது நோட்டை என் கையில் கொடுத்து, "நீங்க இருக்கீங்க, கவலை இல்ல" என்றார். அப்படி என்னிடம் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

முறையின் கடைசி நாள் காலை ஏழு மணி. குழாயில் பதினொன்று. காய்ச்சல் துண்டுகள் மூன்றும் மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தன. பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர். சலசல என்று சத்தம். சாயங்காலம் அடைத்துவிடுவார்கள்.

அடைத்தாலும் பயம் இல்லை. பதினைந்து வந்ததும் பக்கத்து போர்வெல்லில் தண்ணீர் வாங்கிக்கொள்ள ஷமீமா முன்கூட்டியே எழுதிப்போட்டு, மேடம் அனுமதிக் கடிதமும் வாங்கிக் கொடுத்திருந்தார். காவிரிப் பாசனத்தில் தண்ணீர் வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செல்வராசு வரப்பில் நின்றார். வாய்க்காலைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார்.

"எத்தினி?"

"பதினொண்ணு."

"இன்னும் நாலா?"

"நாலு."

"நான் வார்த்தை குடுத்துட்டேன்யா. எனக்கு இதப் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் கட்டுப்பட்டு நின்றார். சம்பளக்காரன் நான் குனிந்து மடையைத் திறந்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகும்போது பக்கத்தில் பயிர் வெடித்துக் கிடந்தால் எங்கள் பக்கத்து ஆள் மண்வெட்டியை எடுத்துவிடுவான். அது யார் வயலாக இருந்தாலும் சரி. அடுத்தவன் வயலாக இருந்தால் திறந்துவிட்டுப் போய், பிறகு டீக்கடையில் "ஒன் வயலுக்கு விட்டுட்டேன்" என்று சொல்வான். அவனும் டீ வாங்கிக் கொடுப்பான். மண் தண்ணீரைக் குடித்தது. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் குழாய்கள் முங்கிக் கிடந்தன. நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தபோதுதான் விஷயம் உறைத்தது. மடை மூன்று துண்டுக்கும் ஒன்று. மூன்றும் போயிற்று.

பன்னிரண்டு என்று எழுதினேன். அடுத்த நாள் பதின்மூன்று. அதற்கடுத்த நாள் பதினான்கு. ஐந்தாம் நாள், 'பதினைந்து. தண்ணீர் விடப்பட்டது.' மறுபடி முறைத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஷமீமா திரும்பி வந்து பார்த்தபோது வயலில் தண்ணீர் நின்றது. நோட்டிலும் தண்ணீர் விட்டதாக இருந்தது. பொருத்தம் பிரமாதம்.

ஒன்றை மறந்துவிட்டேன். பதினான்கு என்று எழுதிய நாளில் அட்டவணைப்படி காற்றும் எடுத்திருந்தேன். ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடியே. கை நோட்டில் பொய் எழுதியது. அதே கை குப்பியில் நிஜத்தை அடைத்து மூடியிருந்தது.

பக்கெட்

லேபிலிருந்து ரிசல்ட் வந்தது. நோட்டின்படி பதினான்கு சென்டிமீட்டர் காய்ந்த துண்டில் தண்ணீர் நிற்கிற துண்டுக்குச் சமமாக மீத்தேன். மூன்றிலும் அப்படியே. ரிவ்யூவுக்கு இரண்டு வாரம் இருந்தது.

புரொபசர் ஷமீமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "குப்பியை மாத்திட்டியாம்மா? இல்ல, பெட்டி லீக்கா? இதுக்குப் பதில் தெரியாம ரிவ்யூல போய் நின்னா அவங்க உன் மெத்தடையே சந்தேகப்படுவாங்க."

ஷமீமா என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். பெட்டிகள் எல்லாவற்றையும் வயலிலிருந்து கொண்டுவந்து, லேபுக்குப் பின்னால் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று நாள். தொட்டிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றியது நான். குமிழி வரவில்லை. மறுபடி முக்கினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஈரக் கையோடு பேசினார்.

"ஸ்கூல்ல இன்னும் ஆள் போடலையாம்மா" என்றது அவர் அப்பாவின் குரல். "ஹெச்எம் நேத்து கடைக்கு வந்தாங்க, ஒன்னப் பத்திக் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீ என்ன சொல்ற?"

"ரிவ்யூ முடியட்டும் அத்தா. சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"பெட்டில ஒண்ணுமில்லம்மா. நான் மடையத் திறந்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். "எப்போ?"

"மொறத் தண்ணி கடைசி நாளு. பதினொண்ணுல."

"அப்ப பன்னண்டு, பதிமூணு, பதினாலு?"

"எழுதுனது."

"குழாயைப் பாத்தீங்களா?"

"முங்கிக் கெடந்துச்சு."

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா பெட்டிய முக்கிப் பாத்துக்கிட்டிருக்கேன். தண்ணி தூக்கிட்டு வந்தது நீங்கதானேண்ணே. சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"ஒவ்வொரு பக்கெட்டுக்கும் தோணுச்சும்மா."

அவர் சிரிக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "நான் வேலைய விட்டுப் போயிடுறேன். பொய் எழுதிட்டு ஓடிட்டான்னு சொல்லிடுங்க. ஒங்க மேல ஒண்ணும் வராது."

"ஓடிட்டா நோட்டை யாரு திருத்துறது?" என்றார். கோபம்தான். "உக்காருங்க. பேனாவை எடுங்க."

பன்னிரண்டின் மேல் கிறுக்கப் போனேன். கையைத் தட்டினார். "அழிக்கக் கூடாது. ஒரே கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு யார் பாத்தாலும் தெரியணும். பக்கத்துல நிஜத்தை எழுதி, இன்னிக்குத் தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க."

'குழாய் பார்க்கவில்லை' என்று எழுதினேன். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாக்காம இல்ல. பாத்தீங்க. முங்கியிருந்துச்சு. அதை எழுதுங்க."

எழுதினேன். மஸ்கட்டில் மூட்டை தூக்கியபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை.

பிறகு செல்வராசுவைப் போய்ப் பார்த்து, "நீ ஏன்யா ஷமீமாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் எங்கய்யா பாத்தேன்? நான்தான் முதுகக் காட்டிட்டு நின்னேனே" என்றார்.

ரிவ்யூ

ரிவ்யூ அன்று வரவேற்பைப் பார்த்தே வருகிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லிவிடலாம். உள்ளூர் ஆள் என்றால் மேரி பிஸ்கட். வெளியூர் நிபுணர் என்றால் முந்திரி. அன்றைக்கு முந்திரியோடு டிகிரி காபி.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஷமீமா நினைத்திருந்தால் அந்த ஒரு வார ரிசல்ட்டை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் காட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நோட்டையே திறந்து மேஜையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேடம் கதவைத் திறந்து, "பன்னீர், உள்ள வாங்க" என்றார்.

நிபுணர் வெள்ளைத் தலை. நோட்டில் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"பதினஞ்சு வந்தா போர்வெல் தண்ணி வாங்க அனுமதி இருந்துச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. அந்த லெட்டரை ஆபீஸ்லேருந்து வாங்கிட்டு வந்ததே நான்தாங்க."

"அப்புறம் ஏன் திறந்தீங்க?"

"லெட்டர்ல இருக்குற தண்ணி கண்ணுக்குத் தெரியலங்க. வாய்க்கால்ல போறது தெரிஞ்சுது."

டீன் இருமினார். திருவிடைமருதூர்க்காரர் அவர், வாய்க்கால் தெரிந்தவர்; சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. நிபுணர் சிரிக்கவில்லை.

"சரி. திறந்தீங்க. பொய் ஏன் எழுதினீங்க?"

"பயங்க" என்றேன்.

"என்ன பயம்?"

"எல்லா வேலையிலேருந்தும் நானாத்தாங்க போயிருக்கேன். இந்த வேலையில மட்டும் போகச் சொல்லிருவாங்களோன்னு இருந்துச்சு."

அவர் நோட்டை மூடினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஷமீமா வந்தார். ஃபெலோஷிப் இன்னொரு வருஷம் உண்டு. ஆனால் காய்ச்சல் துண்டுகளின் அந்தக் குறுவை ரிசல்ட் கணக்கில் வராது. நடுவில் ஒரு தண்ணீர் கூடுதலாகக் குடித்த பயிரை, குடிக்காத பயிர் என்று எப்படிச் சொல்வது? அடுத்த குறுவையில் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"கெடச்சிருச்சு" என்றார். "ஆனா ஒரு வருஷம் போச்சுண்ணே."

இரண்டாவது வருஷத்தில் அவர் செய்ய நினைத்திருந்த வேலை வேறு. அது அப்படியே தள்ளிப்போனது. அடுத்த இரண்டு வாரம் என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. அது சரிதான். பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். ஒருவருடைய ஒரு வருஷம் இருந்திருக்கிறது.

எனக்கு மெமோ வந்தது. அந்தமுறை என் பிரேக் ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். மேடம் மெமோவைக் கொடுக்கும்போதே, "முப்பத்தோராவது நாள் காலைல பத்து மணிக்கு ஜாயினிங் ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும். பதினொரு மணின்னா வேற ஆள் பாப்பேன்" என்றார். அந்த மாதம் லோடு ஆட்டோ ஓட்டினேன். அறுப்பு மெஷின்காரர் ஒருவர் போன் பண்ணி, ஆந்திரா போகிறோம், இரண்டு பங்கு கூலி என்று கூப்பிட்டார். பையைக்கூட எடுத்து வைத்தேன். முப்பத்தோராவது நாள் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கே மேடம் டேபிள் முன்னால் போய் நின்றேன்.

மறுபடியும் பதினொன்று

அடுத்த குறுவை. அதே வயல், அதே குழாய்கள், அதே வரப்பில் அதே கேலி. "என்னய்யா, போன வருஷம் நட்ட கொழா இன்னும் மொளைக்கலையா?"

முறைத் தண்ணீரின் கடைசி நாள். காலை ஏழு மணி. ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். சத்தியமாக, பதினொன்று. வெடிப்பு அதே மாதிரி. வாய்க்கால் அதே மாதிரி.

செல்வராசு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். மறுபடி தோளில் வைத்தார்.

"கை அரிக்குதா பன்னீரு?"

"அரிக்குது."

"எனக்குந்தான். இங்க நின்னா கெட்டுருவோம். வா, டீ குடிக்கப் போவோம்."

மண்வெட்டியை வைக்கோல் போருக்குள் செருகிவிட்டு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும், "திரும்பிப் பாக்காத" என்றார். நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், எனக்குத் தெரியும். கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். வாய்க்கால் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தோம். யாரோ ஒருவர் வந்து, "செல்வராசு, வயலு வெடிச்சுக் கெடக்கு, தண்ணி போவுது, தொறந்து விட்டுரட்டுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்திய கத்தில் அவர் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்.

அதிலிருந்து அந்தப் பருவம் முழுக்க அதுதான் எங்கள் முறை. தண்ணீர் ஓடும், குழாய் பதினைந்துக்கு வந்திருக்காது, நாங்கள் டீக்கடையில் இருப்போம். பல்கலைக்கழகம் எங்களுக்குக் குழாய் கொடுத்தது, பெட்டி கொடுத்தது, லெட்டர் கொடுத்தது. டீக்கு மட்டும் செலவுக் கணக்கில் ஹெட் இல்லை என்றார் மேடம். அதை நாங்களே போட்டுக்கொண்டோம்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கை அரிக்கும் இடத்தில் நிற்காதீர்கள். நின்று, கை போய்விட்டால், போனதை அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் அது பன்னிரண்டு ஆகிவிடும்.

ஷமீமா இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியர். அவருக்கும் சீட் மணி கிடைத்திருக்கிறது; மேடத்தை நினைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார். அவருடைய ஆய்வேடு எங்கள் லைப்ரரியில் இருக்கிறது. கடைசியில் என் நோட்டின் பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்திருக்கிறார். நான் எழுதிய பொய், அதன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் என் கையெழுத்து. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டு பக்கம் தள்ளி, அடுத்த வருஷத்துக் குறிப்பு: '11. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. திறக்கவில்லை. டீ குடித்தோம்.'

ஆய்வேட்டில் டீ வேண்டாமே, அதை எடுத்துவிடலாமே என்று பைண்டிங்குக்குப் போகும் முன்னால் நான்தான் கேட்டேன்.

"ஏன் எடுக்கணும்?" என்றார் ஷமீமா. "நடந்ததுதானேண்ணே."